கணிப்பொறிக்குள் ஓடும் நீர்

நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி ஒன்று முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளேயிருந்து ஆவி பறக்கும். ஓட்டுநர் ஒரு குடம் தண்ணீருடன், எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருப்பார். எஞ்சினில் பிறக்கும் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு வரும் நீர், அதனை ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது. அங்கே வீசும் காற்று அவ்வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. நீர் குறைந்தாலும் சரி, காற்று தடைப்பட்டாலும் சரி, பயணம் நின்றுவிடும்.

இதே ஏற்பாட்டை வீட்டுக் கணிப்பொறிக்குள்ளும் அமைக்கலாம். "மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் தண்ணீரை விடுவதா?" என்று வீட்டில் உள்ளவர்கள் பதறக்கூடும். அந்தப் பதற்றம் நியாயமானதே. ஓர் இணைப்பு கசிந்தால், பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பாகங்களும், குடும்பத்தின் படங்களும் கணக்குகளும் சேர்ந்தே பாழாகலாம். ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே தேவைப்படும் இயற்பியலும் வேதியியலும் பெரும்பாலும் உங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பவைதாம்.

இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கணிப்பொறியின் மூளையாகிய செயலிச் சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்சாவி. அவை ஒரு நொடியில் பல கோடி முறை மூடித் திறக்கின்றன. அதற்காக வாங்கும் மின்னாற்றல் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது.

1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்களே இருந்தன. அது ஏறத்தாழ ஒரு வாட் மின்திறனுக்குள் வேலை செய்தது. விசிறியே தேவையில்லை. 2022இல் அதே நிறுவனம் வெளியிட்ட கோர் ஐ9-13900கே என்னும் செயலி, கடும் வேலையின்போது 253 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதன் சில்லின் பரப்பு சுமார் 2 1/2 சதுர செ.மீ. மட்டுமே. ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 100 வாட் என்று ஆகிறது!

இதனை உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். 1,000 வாட் பெட்டியின் அடிப்பரப்பு சுமார் 150 சதுர செ.மீ. இருக்கும். அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு ஏழு வாட்டுக்கும் குறைவு. பரப்புக்குப் பரப்பு பார்த்தால், இஸ்திரிப் பெட்டியைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வெப்பம் அந்தச் சிறு சில்லில் பிறக்கிறது. அதனை உடனுக்குடன் அகற்றாவிட்டால் வெப்பநிலை 100° செ.யை நெருங்கிவிடும். அப்போது சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணிப்பொறி நின்றுவிடும்.

நீர் ஏன்?

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1° செ. உயர்த்த 4.2 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் காற்றுக்கு ஏறத்தாழ ஒரு ஜூல் போதும். இதில் நான்கு மடங்கு வேறுபாடுதானே என்று எண்ண வேண்டாம். ஒரு லிட்டர் நீர் 1,000 கிராம் எடை உள்ளது. ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம்தான். ஆகவே ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால், நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கிறது. பருத்த காற்றோட்டம் செய்யும் வேலையை, விரல் தடிமன் குழாயில் ஓடும் நீர் செய்துவிடுவது இதனால்தான்.

பெரிய கணிப்பொறிகளில் இது புதிதன்று. 1980இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 3081 என்னும் கணிப்பொறியில், ஒவ்வொரு சில்லின் மீதும் சிறு உலோகத் தண்டு ஒன்று அழுந்தி நின்றது. சில்லின் வெப்பம் அத்தண்டின் வழியே ஏறி, மேலேயிருந்த நீர்த்தட்டில் ஓடிய நீரைச் சேர்ந்தது. 1981இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டக்கர்மன், பீஸ் என்னும் இருவர், சிலிக்கன் தகட்டில் மயிரிழை போன்ற நுண் கால்வாய்களை வெட்டி, அவற்றில் நீரைச் செலுத்தினர். ஒரு சதுர செ.மீ.க்கு 790 வாட் வரை வெப்பத்தை அகற்றிக் காட்டினர். இன்று செயலியின் மேல் பொருத்தும் செம்பு வில்லைக்குள்ளும் இதே கருத்துதான் இருக்கிறது. 'வாட்டர் பிளாக்' எனப்படும் அதன் உட்புறத்தில் சீப்பின் பற்கள் போல மெல்லிய செம்புத் தகடுகள் நெருங்கி நிற்கும். அவற்றின் இடுக்குகளில் நீர் ஓடும். 2004இல் ஆப்பிள் நிறுவனம் திரவக் குளிர்விப்புடன் கூடிய பவர் மேக் ஜி5 கணிப்பொறியை விற்பனைக்கே கொண்டு வந்தது.

நீர் வெப்பத்தை அழிக்கிறதா?

இங்கேதான் பலரும் தவறுகின்றனர். நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்கிறது, அவ்வளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் கணிப்பொறியில் செயலி 150 வாட்டும், படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் அட்டை 250 வாட்டும் எடுப்பதாகக் கொள்வோம். மொத்தம் 400 வாட். அதாவது நொடிக்கு 400 ஜூல். குழாய்களிலும் தொட்டியிலும் சேர்ந்து ஒரு லிட்டர் நீர் இருக்கட்டும். ரேடியேட்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு லிட்டர் நீர் 1° செ. உயர 4,200 ஜூல் வேண்டும். 4,200ஐ 400ஆல் வகுத்தால் 10 1/2 நொடி. 30° செ.யில் தொடங்கிய நீர், ஐந்தேகால் நிமிடத்தில் 60° செ.க்குப் போய்விடும்! தொட்டியைப் பெரிதாக்கினால் நேரம் சற்று நீளுமே தவிர முடிவு மாறாது.

ஆகவே உண்மையில் கணிப்பொறியைக் குளிர்விப்பது அறையிலுள்ள காற்றுதான். நீர் அதற்கு வெப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள். அறைக் காற்று 32° செ. என்றால், நீரின் வெப்பநிலை அதற்குக் கீழே இறங்காது. அந்த 400 வாட்டும் கடைசியில் உங்கள் அறைக்குத்தான் வந்து சேரும். கணிப்பொறி குளிர்ந்ததால் அறை குளிராது.

"மண்பானைத் தண்ணீர் மட்டும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கணிப்பொறியின் குழாய்களோ மூடியவை. அங்கே ஆவியாதலுக்கு வழியில்லை. சரி, பனிக்கட்டியைப் போட்டால்? அதுவும் ஆகாது. ஐஸ் நீர் வைத்த டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலக் குழாய்களும் வியர்த்து, மின்சுற்றின் மேல் சொட்டும்.

முதல் முடிவு: வேண்டுமா, வேண்டாமா?

தாளின் முதல் வரியில் உங்கள் செயலியின் வாட் அளவை எழுதுங்கள். அடுத்த வரியில் கிராபிக்ஸ் அட்டையின் அளவை எழுதுங்கள். இவை தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் இருக்கும். பாடம் படிக்கவும் கடிதம் எழுதவும் பயன்படும் 65 வாட் செயலியாக இருந்தால் கணக்கை அங்கேயே நிறுத்திவிடலாம். உலோகத் தகடுகளும் ஒரு விசிறியும் கொண்ட சாதாரணக் குளிர்விப்பானே அதற்குப் போதும். விலையும் குறைவு, கசிவதற்கும் ஒன்றுமில்லை.

செயலி மட்டுமே மிகுந்த வெப்பம் தருகிறது என்றால், தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடிய தொகுதி கிடைக்கிறது. திருகிப் பொருத்தினால் வேலை முடிந்தது. செயலி, கிராபிக்ஸ் அட்டை இரண்டையும் ஒரே நீரோட்டத்தில் அடக்க வேண்டும், அல்லது சேர்த்துக் கட்டிப் பார்க்கும் ஆசை இருக்கிறது என்றால் மட்டுமே தனித்தனிப் பாகங்களாக வாங்க வேண்டும்.

ரேடியேட்டர் எவ்வளவு பெரிது?

ரேடியேட்டர்களை அவற்றில் பொருந்தும் விசிறிகளைக் கொண்டு அளப்பார்கள். 120 மி.மீ. விசிறி ஒன்று பொருந்தும் இடத்தை ஒரு பகுதி என்று வைத்துக்கொள்வோம். 240 மி.மீ. என்றால் இரண்டு பகுதி, 360 மி.மீ. என்றால் மூன்று. நீர், அறைக் காற்றைவிட 10° செ. மிகுந்திருக்கும்போது ஒரு பகுதி ஏறத்தாழ 100 வாட்டை வெளியேற்றும் என்பது இத்துறையில் பழகியவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. விசிறியின் வேகத்தையும் ரேடியேட்டரின் தடிப்பையும் பொறுத்து இது கூடும், குறையும்.

நம் 400 வாட்டுக்கு நான்கு பகுதி வேண்டும். அறை 32° செ. என்றால் நீர் 42° செ.யில் நிலைகொள்ளும். செலவைக் குறைக்க இரண்டு பகுதியோடு நின்றால்? வெப்பம் வெளியேற இப்போது இரு மடங்கு வேறுபாடு, அதாவது 20° செ. தேவைப்படும். நீர் 52° செ. ஆகும். மே மாதத்து மதியத்தில் அறை 38° செ. இருந்தால் நீர் 58° செ.! இத்தகைய பம்புகள் பலவற்றுக்கு 60° செ. தான் உச்ச வரம்பு. குளிர்ந்த ஊர்களில் செய்து பார்த்தவர்களின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அறையின் கோடைக்கால வெப்பநிலையை அளந்து, அதைக் கொண்டு கணக்கிடுங்கள்.

அளவு தெரிந்தபின், கணிப்பொறிப் பெட்டியைத் திறந்து, அந்த ரேடியேட்டரும் விசிறியும் சேர்ந்து உட்காரும் இடம் உண்டா என்று அளவுகோலால் பாருங்கள். பெட்டிக்குள் காற்று நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் இருக்க வேண்டும்.

நீர் எந்த வரிசையில் ஓட வேண்டும்?

தொட்டி, பம்ப், செயலி, கிராபிக்ஸ் அட்டை, ரேடியேட்டர், மீண்டும் தொட்டி. இந்த வட்டத்தைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். "செயலியைத் தொட்டுச் சூடான நீர் அட்டைக்குப் போகலாமா? நடுவில் ஒரு ரேடியேட்டர் வேண்டாமா?" என்ற ஐயம் எழும். மறுபடியும் கணக்குப் போடுவோம்.

நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுவதாகக் கொண்டால், நொடிக்கு சுமார் 67 கிராம். அந்த நீர் 1° செ. உயர 67 × 4.2, அதாவது ஏறத்தாழ 280 ஜூல் வேண்டும். நம்மிடம் உள்ளது 400 ஜூல். ஆகவே வட்டம் முழுவதும் சுற்றி வரும்போது நீரின் வெப்பநிலை ஒன்றரை டிகிரி அளவுதான் மாறுகிறது! எதை முன்னால் வைத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. குழாய் நீளமாகாமலும் மடங்காமலும் இருக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே ஒரு வரிசையை மட்டும் மாற்றக்கூடாது. தொட்டி பம்புக்கு மேலே, அதற்கு முன்னால் இருக்க வேண்டும். பம்பின் உள்ளே சுழலும் பாகத்துக்கு அந்த நீர்தான் வழவழப்பைத் தருகிறது. நீரின்றி ஓடினால் சற்று நேரத்திலேயே தேய்ந்துவிடும். வட்டத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு அடைப்பானும் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை நீரை வடிக்கும்போது பெட்டியையே கவிழ்க்க வேண்டி வரும்.

இணைப்புகளில் பெரும்பாலும் ஜி 1/4 என்னும் ஒரே திருகு அளவு வழக்கில் உள்ளது. குழாய்க்கோ உள்விட்டம், வெளிவிட்டம் என்று இரண்டு அளவுகள் உண்டு. 10 மி.மீ. உள்ளும் 16 மி.மீ. வெளியும் உள்ள குழாய் வாங்கினால், இணைப்பும் அதே இரண்டு அளவுக்கு உரியதாக இருக்க வேண்டும். ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாவிட்டால் கசிவு நிச்சயம்.

உலோகங்களில் ஒரு எச்சரிக்கை

எலுமிச்சம் பழத்தில் செம்புத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் செருகி மின்னோட்டம் உண்டாக்கும் சோதனையைச் செய்திருப்பீர்கள். செம்பு வாட்டர் பிளாக்கையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே நீரில் இணைத்தால், உங்களை அறியாமலே அதே போன்ற மின்கலத்தைக் கட்டிவிட்டீர்கள் என்று பொருள். செம்பின் திட்ட மின்னழுத்தம் +0.34 வோல்ட், அலுமினியத்துக்கு -1.66 வோல்ட். இந்த இரண்டு வோல்ட் வேறுபாட்டில் அலுமினியம் அரிக்கப்படும். அரிப்பின் துகள்கள் வாட்டர் பிளாக்கின் நுண் இடுக்குகளை அடைக்கும். பின்னர் ரேடியேட்டரே ஓட்டையாகும்.

விலை மலிவாகக் கிடைக்கும் ரேடியேட்டர்கள் பல அலுமினியத்தால் ஆனவை. இன்றைய கார்களின் ரேடியேட்டரும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே பழைய கார் ரேடியேட்டரைக் கொண்டுவந்து செம்புடன் இணைக்கும் யோசனை வேண்டாம். செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய பித்தளை ஆகியவற்றோடு நின்றுகொள்ளுங்கள்.

எந்த நீர்?

குழாய் நீரோ கிணற்று நீரோ கூடாது. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு, இங்கும் படியும். காய்ச்சி வடித்த நீரே வேண்டும். அதிலும் வெளிச்சம் பட்டால் நாளடைவில் பாசி பிடிக்கும். ஆகவே அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்துகள் கலந்து விற்கப்படும் குளிர்விப்பு நீரை வாங்குவது எளிது. அவற்றில் சில நஞ்சானவை. தம்பி தங்கைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

"தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாதே, சிந்தினால் என்ன?" என்று சிலர் சொல்வார்கள். தூய நீர் மிகக் குறைவாகவே கடத்தும் என்பது உண்மை. ஆனால் செம்பையும் பித்தளையையும் தொட்டு ஓடும் நீரில் அயனிகள் கரைந்துகொண்டே இருக்கும். சில நாட்களில் அது தூய நீராக இராது. கணிப்பொறியின் பரப்பில் உள்ள தூசியின் உப்பும் அதில் சேரும். அதை நம்பி அசட்டையாக இருக்கக்கூடாது.

மின்சாரம் கொடுக்குமுன்

வேலையைத் தொடங்குவதற்கு முன்பே உங்கள் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, விவரமறிந்த பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

நீரை நிரப்பியவுடன் கணிப்பொறியை இயக்கிவிடாதீர்கள். பம்புக்கு மட்டும் மின்சாரம் சென்று மற்ற பாகங்களுக்குச் செல்லாதபடி இணைப்பதற்கு, இதற்கென்றே விற்கும் சிறு செருகி உண்டு. ஒவ்வொரு இணைப்பின் கீழும் மெல்லிய வெள்ளைக் காகிதத்தை வைத்து, ஒரு நாள் முழுவதும் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். பெட்டியை மெல்லச் சாய்த்துக் காற்றுக் குமிழிகளைத் தொட்டிக்குத் திருப்புங்கள். நீர்மட்டம் குறைந்தால் நிரப்புங்கள். மறுநாள் எல்லாக் காகிதமும் உலர்ந்திருந்தால் மட்டுமே அடுத்த படி. ஒன்று நனைந்திருந்தால் பம்பை நிறுத்தி, நீரை வடித்து, அந்த இணைப்பைச் சரிசெய்து, எல்லாம் நன்கு உலர்ந்த பின் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குங்கள். இந்த ஒரு நாள் பொறுமைதான் கணிப்பொறியைக் காக்கும்.

பம்பின் வேகத்தைத் தெரிவிக்கும் கம்பியைத் தாய்ப்பலகையில் இணைத்துவிட்டால், அது நின்றுபோகும்போது கணிப்பொறி எச்சரிக்கும்படி செய்துகொள்ளலாம்.

செய்து பாருங்கள்

கணிப்பொறியைத் தொடாமலே இந்தக் கணக்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பெரியவர் ஒருவரின் துணையுடன், மின்சாரக் கெட்டில் ஒன்றில் ஒரு லிட்டர் நீரை ஊற்றுங்கள். வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டிலை இயக்கிச் சரியாக ஒரு நிமிடம் கழித்து நிறுத்துங்கள். செருகியைப் பிடுங்கி, நீரைக் கலக்கி, மறுபடியும் வெப்பநிலையைப் பாருங்கள். கெட்டிலின் அடியில் 1,500 வாட் என்று எழுதியிருந்தால், ஒரு நிமிடத்தில் 90,000 ஜூல் கிடைத்திருக்கும். நீர் சுமார் 21° செ. உயர்ந்திருக்க வேண்டும். உங்கள் விடை சற்றுக் குறைவாகவே வரும். மீதி வெப்பம் எங்கே போயிற்று?

அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்துத் தாளில் எழுதிவிட்டீர்களானால், உங்கள் முதல் நீர்க்குளிர்விப்புத் திட்டத்தை வரையத் தொடங்கலாம்.